பன்னிருவருக்கு ஒரு தலைவர்: மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம்

மெதடிஸ்ட் திருச்சபையின் தொடக்கக் காலத்தில், விசுவாசிகளைச் சீடர்களாக வளர்த்த சிறு குழுவே ‘வகுப்புக் கூட்டம்’. ஒரு வகுப்பில் ஏறக்குறைய 12 பேர். அவர்களுக்கு ஒரு தலைவர். அவர் போதகராக இருக்க வேண்டியதில்லை. பெண்களும் தலைவர்களாக இருந்தனர்.

கடனில் பிறந்த ஏற்பாடு

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஆராதனைக் கட்டடக் கடனை அடைக்க ஜான் வெஸ்லியின் சபையார் கூடிப் பேசினர். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி தரலாம் என்றது ஒரு யோசனை. ஏழைகளால் முடியாதே என்ற கேள்வி எழுந்தது. மிகவும் ஏழைகளான 11 பேரைத் தம்மிடம் விடும்படியும், கொடுக்க இயலாதவர்களின் பங்கைத் தாமே செலுத்துவதாகவும் ஃபாய் என்ற கேப்டன் முன்வந்தார். மற்றவர்களும் அவரைப் பின்பற்றினர்.

பணம் வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், அங்கிருந்த குடும்பச் சண்டை, குடிப்பழக்கம் போன்றவற்றையும் கண்டனர். ஆள்களைக் கவனிக்க இதுவே வழி என்பதை வெஸ்லி உணர்ந்தார். பின்னர், வீடுதோறும் செல்வதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை அனைவரும் ஓரிடத்தில் கூடினர்.

தலைவரின் பணி

1743-இல் வெளியான பொது விதிகள் இதை எளிமையாக வரையறுத்தன. தலைவர் வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொருவரையும் சந்தித்து, ஆன்மிக நிலையை விசாரிக்க வேண்டும். தேவைக்கேற்பத் தேற்ற வேண்டும், கண்டிக்க வேண்டும். ஏழைகளுக்கான காணிக்கையைப் பெற வேண்டும். நோயுற்றவர், தவறி நடப்பவர் பற்றிப் போதகருக்குத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினர்களுக்கோ மூன்றே விதிகள்: தீமை செய்யாதே, நன்மை செய், இறைவழிபாட்டு முறைகளைக் கடைப்பிடி.

போதகர்கள் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தாலும் சபைகள் சிதறவில்லை. வெஸ்லி மறைந்த 1791-இல், பிரிட்டன் தீவுகளில் மட்டும் உறுப்பினர்கள் 70,000-ஐத் தாண்டியிருந்தனர்.

19-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் இக்கூட்டம் வெறும் சடங்காகித் தேய்ந்தது. பெயர்ப் பதிவும் சந்தாவும் மிஞ்சின. நலம் விசாரிப்பு குறைந்தது.

நமக்கு என்ன?

1885-இல் சிங்கப்பூரில் காலூன்றிய மெதடிஸ்ட் பணியின் வழிவந்தவையே இன்றைய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மெதடிஸ்ட் சபைகள். ஒரே போதகர் பல இடங்களைக் கவனிக்கும் சபைகளுக்கு வகுப்புக் கூட்டம் காட்டும் வழி எளியது: புதிதாக ஒரு செயற்குழு அமைக்கும் முன், இந்த வாரம் யாரை யார் விசாரித்தார் என்று பார்ப்பது.