கருங்கண்ணிப் பருத்தி

கருங்கண்ணி என்பது தென் தமிழகக் கரிசல் நிலங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படும் நாட்டுப் பருத்தி வகையாகும். இழைக்காகப் பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு. ஆர்போரியம், எர்பேசியம் ஆகியவை பழைய உலகத்தைச் சேர்ந்தவை. இர்சூட்டம், பார்படென்சு ஆகியவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கருங்கண்ணி ஆர்போரியம் இனத்தது.

சாகுபடி

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் இது விதைக்கப்படுகிறது. வேர் ஆழமாக இறங்குவதால், மழை நின்ற பிறகும் கரிசல் மண்ணில் தங்கும் ஈரத்தைக் கொண்டே காய் பிடிக்கும்.

வணிக வரலாறு

19ஆம் நூற்றாண்டில் கருங்கண்ணியும் உப்பம் என்ற எர்பேசிய வகையும் கலந்த பஞ்சு, 'தின்னவேலி' என்ற வணிகப் பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) லங்காசயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைபட்டது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது. பின்னர் ஆர்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினர்.

இழை நீளமும் இயந்திரமும்

கருங்கண்ணியின் இழை குட்டையானது. கைராட்டையில் நூற்பவர் பஞ்சுக்கு ஏற்ப இழுப்பை மாற்றிக்கொள்வார். ஆலை இயந்திரமோ அமெரிக்கப் பருத்தியின் நீண்ட இழைக்கு ஏற்ப அமைந்தது; குட்டை இழையிலிருந்து மெல்லிய நூலை அதனால் எளிதில் நூற்க முடியவில்லை. எனவே ஆலைகள் நீண்ட இழைக்கே கூடுதல் விலை தந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்சூட்டம் இனத்தின் கம்போடியா பருத்தி பரவியது. 1968இல் எம்.சி.யு. 5 என்ற மிக நீண்ட இழை இரகம் வெளியிடப்பட்டது. மதராசு, கம்போடியா, உகாண்டா என்பதே எம்.சி.யு. என்பதன் விரிவு.

இன்றைய நிலை

2002இல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபின் நாட்டு வகைகளின் பரப்பு மேலும் சுருங்கியது. பி.டி. கலப்பின விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டும். கருங்கண்ணி விதையை உழவரே எடுத்துவைத்து மறு ஆண்டு விதைக்கலாம். வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் இது நன்கு தாங்கும். இலைச்சுருட்டு நச்சுயிரி இதைத் தாக்குவதில்லை. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கே 10, கே 11 போன்ற கருங்கண்ணி இரகங்களை உருவாக்கியுள்ளது.

கருங்கண்ணி பின்தங்கியது விளையாததால் அன்று. சந்தை இழையின் நீளத்தை மட்டுமே அளந்ததால். மழை தவறிய ஆண்டில் உழவருக்கு மிஞ்சும் கடன் அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை.