குடும்ப வன்முறைச் சட்டம்: வீட்டில் வசிக்கும் உரிமை

புதுதில்லி: கணவர் மீது புகார் அளிக்க எண்ணும் பெண்ணின் முன் முதலில் எழும் கேள்வி, அன்றிரவு எங்கே தங்குவது என்பதே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இக்கேள்விக்கு நேரடியாக விடையளிக்கிறது. 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் மனைவிக்கு மட்டுமன்றி, தாய், சகோதரி, திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோருக்கும் பொருந்தும். அடி உதை மட்டுமல்ல, பாலியல் கொடுமை, இழிசொல், செலவுக்குப் பணம் தர மறுத்தல், சீதனத்தைப் பறித்தல் ஆகியவையும் வன்முறையே.

பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தனக்குச் சொத்துரிமை இல்லாவிடினும், அங்கு வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது 17-ஆவது பிரிவு. வன்முறையாளரை வெளியேறுமாறும், அல்லது மாற்று வீட்டுக்கு வாடகை செலுத்துமாறும் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். எனினும், வெளியேற்றும் உத்தரவைப் பெண் உறவினர் மீது பிறப்பிக்க இயலாது.

மாமனார், மாமியார் பெயரிலுள்ள வீட்டில்தான் சிக்கல் எழுந்தது. அத்தகைய வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாக வாழும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் பலரின் உரிமையை ஏட்டளவில் நிறுத்திய அத்தீர்ப்பு, சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் 2020 அக்டோபர் 15-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றும் வரை நீடித்தது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகலாம் என அமர்வு கூறியது. அதேவேளையில், இவ்வுரிமை வரம்பற்றதன்று. முதியோரின் அமைதியான வாழ்வும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது.

நிவாரணம் கோர முதல் தகவல் அறிக்கை தேவையில்லை. நடுவரிடம் நேரடியாகவோ பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ மனு அளிக்கலாம். வன்முறை குறித்து நல்லெண்ணத்துடன் தகவல் தரும் அண்டை வீட்டார் மீது சட்டப் பொறுப்பு ஏதும் சாராது. மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாள்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும். நடைமுறையில் இக்காலவரம்பு பெரும்பாலும் கடந்துபோகிறது. ஆகவே, இடைக்கால உத்தரவையும் மனுவிலேயே கோருவது நல்லது. பாதுகாப்பு உத்தரவை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ரூ.20,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணமின்றி வழக்குரைஞர் உதவி பெறலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தால், தற்காலிகத் தங்குமிடமும் மருத்துவ உதவியும் அளிக்கும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். உடனடி ஆபத்தெனில் அழைக்க வேண்டிய எண் 112.