சுகரணமும் கிருமியும்: நோய்க்கொள்கை மாற்றமும் கலைச்சொல்லும்

மருத்துவக் கலைச்சொல் தான் பிறந்த காலத்து நோய்க்கொள்கையைத் தன்னகத்தே கொண்டிருத்தல் இயல்பு. கொள்கை மாறியபின் அச்சொல் என்னாகின்றது என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க வினாவாகும். யாழ்ப்பாணத்து மருத்துவத் தமிழ் இதற்குத் தக்கதொரு சான்று.

அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பாரின் ஆங்கில நூலைத் தழுவி 1852இல் அவர் வெளியிட்ட நூல், உடலின் அமைப்பை அங்காதிபாதம் என்றும், இயக்கத்தைச் சுகரணவாதம் என்றும், நலம் பேணுதலை உற்பாலனம் என்றும் குறித்தது. மாணவர் துணையுடன் ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலியனவும் பின்னர் வெளிவந்தன. தமிழ்ச்சொல், அஃதில்லையேல் வடசொல், இரண்டும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்பது அவர் கொண்ட நெறி.

இவ்வாக்கங்கள் நிகழ்ந்த காலத்திலேயே நோய்க்கொள்கையும் மாறிக்கொண்டிருந்தது. உடற்செல்களின் மாறுபாடே நோய் என்பதை ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ 1858இல் நூலாக நிறுவினார். 1882இல் ராபர்ட் காக் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்து அறிவித்தார். நலமும் நோயும் வெவ்வேறு ஆற்றல்களின் விளைவல்ல, ஒரே உயிரியல் விதிகள் வெவ்வேறு நிலைமைகளில் இயங்குவதன் விளைவே என்னும் தெளிவு படிப்படியாக வலுப்பெற்றது.

இம்மாற்றத்தை எதிர்கொண்ட சொற்களின் வரலாறு இருவகைப்பட்டது. சுகரணம் வழக்கொழிந்தது. தமிழகத்தில் உடலியங்கியல், இலங்கையில் உடற்றொழிலியல் என்னும் சொற்கள் அவ்விடத்தைப் பெற்றன. சுகரணம் என்பதில் சுகம் என்னும் சாயல் உண்டு. பின்வந்த சொற்களோ நலம், நோய் என்னும் இருநிலைக்கும் பொதுவானவை. கிருமி என்பதோ வழக்கில் நிலைத்தது. முன்பு புழுவைக் குறித்த இவ்வடசொல், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரையும் குறிக்கலாயிற்று. முன்னதில் சொல் மாறியது. பின்னதில் சொல் நிலைக்கப் பொருள் மாறியது.

இவ்விரண்டனுள் பின்னதே மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்துவது. வழக்கிழந்த சொல் அகராதியைத் தேடச் செய்யும். பழகிய சொல் ஐயத்தையே எழுப்பாது. பழஞ்சுவடியில் வரும் கிருமியைப் பாக்டீரியா எனப் பெயர்ப்பின், அந்நூலாசிரியர் அறிந்திராத கொள்கையை அவர்மேல் ஏற்றியதாகும். சுவடி நுண்ணுயிரியலை முன்னரே உரைத்தது என்னும் பிழைமுடிவும் அதிலிருந்தே தோன்றும். ஆதலின் மருத்துவச் சொல்லகராதி, பொருளோடு அப்பொருள் வழங்கிய காலத்தையும் குறித்தல் இன்றியமையாதது.