சந்தனமா, பிஸ்தாவா?

ஹாலுக்கு வண்ணம் தேடும் பலர் கடைசியில் வந்து நிற்பது இளஞ்சந்தனத்திலோ பிஸ்தா பச்சையிலோதான். இரண்டும் வெளிர் நிறங்கள். ஒரே தர எமல்ஷனில் விலையும் பெரிதாக மாறாது. ஷேட் கார்டில் எது பிடித்ததோ அதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அட்டையைப் பார்ப்பது கடை வெளிச்சத்தில், சுவரோடு வாழ்வது நம் வீட்டு வெளிச்சத்தில்.

மேற்கு பார்த்த அறையில் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். மஞ்சள் வெயிலைச் சந்தனச் சுவர் இன்னும் மஞ்சளாக்கித் திருப்பும். மின்விசிறி ஓடினாலும் அறை புழுங்குவதுபோலத் தோன்றும். பிஸ்தா அந்த மஞ்சளைத் தணிக்கிறது. வடக்கு ஜன்னலிலும், பக்கத்துக் கட்டடம் மறைத்த ஜன்னலிலும் கதை தலைகீழ்: அங்கே பிஸ்தா சாம்பல் பூத்துச் சோர்ந்துவிடும், சந்தனம் நிற்கும்.

இரவில் விளக்கும் பார்க்க வேண்டும். பழைய டியூப்லைட்டின் பாதரச ஒளியில் 546 நானோமீட்டரில் வலுவான பச்சைக் கோடு உண்டு, சிவப்பு குறைவு. அதனால் அதன் கீழ் பிஸ்தா பளிச்சென்று தெரிந்தது. இன்றைய 3000 கெல்வின் எல்.இ.டி. விளக்கில் அதே பச்சை மங்கிப் பழுப்பேறும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கிலோ சந்தனம் தன் இதத்தை இழந்து வெளிறும்.

பச்சைக்கு இன்னொரு சிக்கல், எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. நான்கு சுவரிலும் ஒரே நிறம் பூசினால் ஒளி சுவருக்குச் சுவர் தெறித்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொள்ளும். அட்டையில் மென்மையாக இருந்த பிஸ்தா சுவரில் அழுத்தமாகிவிடும். உட்கார்ந்திருப்பவர் முகத்திலும் பச்சை படியும், செல்போன் படத்தில் இன்னும் அதிகமாக. சந்தனமும் அழுத்தமாகும். ஆனால் அது முகத்துக்குத் தருவது மஞ்சள் பூசிய களை. விருந்தாளி வந்து உட்காரும் ஹாலுக்கு நான் சந்தனத்தையே சொல்வேன்.

அழுக்கிலும் சந்தனம் முந்துகிறது. சுவரில் சாய்ந்து டி.வி. பார்க்கும் தாத்தாவின் தலையெண்ணெய்க் கறை அதன் மஞ்சளோடு ஓரளவு கலந்துவிடும். பிஸ்தாவில் தனித் திட்டாக நிற்கும். சந்தன நிறத்துக்குப் பெரும்பாலும் சேர்ப்பது மஞ்சள் இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு அசையாது. பிஸ்தாவில் கலக்கும் மஞ்சள் மலிவான கரிம நிறமியாக இருந்தால் ஜன்னலோரம் வெளுத்து, சுவர் நீலம் தட்டும்.

மேற்குப் படுக்கையறைக்கு மட்டும் பிஸ்தாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுத்தால் போதும். எதுவானாலும் முதலில் சின்ன டப்பா வாங்கி, பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு கோட்டிங் கொடுக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் முடிவெடுக்காதீர்கள், எமல்ஷன் காய்ந்தால் பொதுவாகச் சற்றுக் கருக்கும். மறுநாள் காலையிலும் மாலை வெயிலிலும் விளக்கைப் போட்டும் பார்த்துவிட்டுப் பெயிண்டரிடம் நிறத்தைச் சொல்லலாம்.