முட்டிக்குப் பாலினம் உண்டா?

1984 மார்ச் மாதம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 20 மைல் பயிற்சி ஓட்டத்தில் இருந்த ஜோன் பெனாய்ட்டின் வலது முட்டி இறுகிக்கொண்டது. அதற்குமேல் ஓட முடியவில்லை. முந்தைய ஆண்டுதான் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 43 நொடியில் ஓடி, பெண்களில் உலகின் மிக வேகமான நேரத்தைப் பதித்திருந்தார். ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு மாரத்தான் நடக்கவிருந்த ஆண்டு அது. தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த 'முதன்முறை'க்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தடை இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய 9 பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். ஆனால், 11 பேர் ஓடியதாகவும் 5 பேர் பாதியிலேயே நின்றுவிட்டதாகவும் எழுதிய நிருபர் உண்டு. ஓடி முடித்த களைப்பில் ஆண் தரையில் சாய்ந்தால் அது வீரம். பெண் சாய்ந்தால் அவள் உடலின் இயலாமைக்கு அத்தாட்சி. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960இல் ரோமில்தான் திரும்பி வந்தது.

1966இல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணுடல் அவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் வந்தது. அவர் புதருக்குள் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு கலந்து, முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1972இல்.

கர்ப்பப்பைக்குக் கேடு என்ற பழைய பயமுறுத்தல் செல்லுபடியாகாமல் போனது. எழுபதுகளில் பெண்கள் பெருந்திரளாகக் களத்துக்கு வந்தார்கள். ஓடுபவர் எவருக்கும் வரும் முட்டிவலி அவர்களுக்கும் வந்தது. இப்போது காரணம் சற்றுக் கீழே இறங்கி இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்தது. பெண்ணின் இடுப்பு அகலம். அதனால் தொடை உட்பக்கமாகச் சாய்கிறது. அதனால் முட்டிச்சில்லு வெளிப்பக்கம் இழுபடுகிறது. இந்தச் சாய்வை அளக்கும் எண்ணுக்குக் 'கியூ கோணம்' என்று பெயர். பெண்களுக்கு அது கூடுதல் என்று பாடநூல்கள் எழுதின. கால் எலும்புகள் சேர்ந்து திரும்பியிருக்கும் ஒரு அமைப்புக்கு 'பரிதாபமான கோணல்' என்று பொருள்படும் பெயரே மருத்துவத்தில் உண்டு. வலியோடு வருபவளிடம் அவள் பிறந்த விதமே பிழை என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

முட்டிச்சில்லு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது முன்தொடைத் தசையின் நாணில் பதிந்திருக்கும் சிறு எலும்பு. தொடையெலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி, காலை நீட்டும் விசைக்கு நெம்புகோலாகிறது. முட்டி மடங்கிய நிலையில் எடை ஏறும்போது சில்லு பள்ளத்தின் மீது அழுந்துகிறது. ஓட்டத்தில் அந்த அழுத்தம் உடல் எடையைப்போலப் பல மடங்கு. பழக்கமில்லாத தூரத்தை அவசரமாகக் கூட்டினால் மூட்டு எதிர்ப்புத் தெரிவிக்கிறது. படியிறங்கும்போதும், குந்தி எழும்போதும், நெடுநேரம் மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் சில்லைச் சுற்றி வலிக்கிறது.

பெண்களிடம் இந்த வலி அதிகம் என்பது உண்மை. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், பெண்களுக்கு இது புதிதாக வரும் வாய்ப்பு ஆண்களைவிட இரு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் காரணமாகக் காட்டப்பட்ட கோணம் நிற்கவில்லை. 2005இல் வெளியான ஓர் அளவீட்டில் இருபாலரின் கியூ கோண வித்தியாசம் 2.3 பாகைதான், ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் கோணமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. உயரத்தின் கணக்கைப் பெண்மையின் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

2003இல் இன்னொரு கோணம் திறந்தது. நின்ற நிலையில் எடை தாங்கும் முட்டியைப் படமெடுத்துப் பார்த்தபோது, சில்லு வெளியே விலகுவதைவிட அதன் அடியில் தொடையெலும்பு உள்ளே திரும்புவதே பெரிதாகத் தெரிந்தது. தொடையை அப்படித் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துபவை இடுப்பின் பக்கத் தசைகள். அதே ஆண்டில், இந்த வலியுள்ள பெண்களிடம் அத்தசைகள் வலியில்லாத பெண்களைவிடப் பலவீனமாக இருப்பதை வேறோர் ஆய்வு காட்டியது. பலவீனம் முந்தியதா வலி முந்தியதா என்பது தனி வாதம். நமக்கு வேண்டியது இது: தசையை வளர்க்கலாம். இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சி கொடுத்தால் வலி குறைகிறது. அதே வேகத்தில் எட்டைச் சுருக்கி, நிமிடத்துக்கான காலடிகளைப் 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மீதான சுமை இறங்குகிறது.

அகன்ற இடுப்பு என்ற விளக்கத்தின் கொடுமை அது தவறு என்பதோடு முடியவில்லை. அதற்கு மருந்தில்லை. இடுப்பெலும்பை யாரும் மாற்ற முடியாது; எனவே ஓட்டத்தை விடு என்பதே மிச்சமிருக்கும் ஆலோசனை. தசைக்குப் பயிற்சி என்றால், சிறுவயதில் மைதானம் கிடைத்தது யாருக்கு, வீட்டுக்குள் அழைக்கப்பட்டது யார் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

ஜோன் பெனாய்ட்டுக்கு ஊசியும் ஓய்வும் பலிக்கவில்லை. ஏப்ரல் 25 அன்று ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில், மருத்துவர் ஸ்டான் ஜேம்ஸ் நுண்துளை வழியே முட்டிக்குள் சிக்கியிருந்த நார்த்திசுவை வெட்டி எடுத்தார். கால் ஆறும்வரை பெனாய்ட் கையால் சுழற்றும் மிதிவண்டியில் பயிற்சி செய்தார். 17ஆம் நாள், மே 12 அன்று, தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தொடக்க மைல்களிலேயே கூட்டத்தைப் பிரிந்து தனியாக ஓடி, 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம் வென்றார்.

அவருடைய முட்டியில் ஒரு கோளாறு இருந்தது. அதை முட்டியின் கோளாறாகப் பார்த்தார்கள், சரிசெய்தார்கள். மருத்துவரின் மேசைக்கு முன் உட்காரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்க வேண்டியது அவ்வளவுதான்.