கம்ப்யூட்டர் வாங்கினால் காசு: அமெரிக்காவின் ஹைடெக் சட்டம்

கம்ப்யூட்டர் செலவு டாக்டருக்கு, அதனால் வரும் மிச்சமோ பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு. அப்புறம் எந்த டாக்டர் வாங்குவார்? 2008-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றில்கூட அடிப்படை மின்னணு மருத்துவப் பதிவு இல்லை.

2009 பிப்ரவரி 17 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள்ளேயே ஹைடெக் சட்டமும் இருந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மூலம் ஒரு டாக்டருக்கு ஐந்து ஆண்டுகளில் 44,000 டாலர் வரை! வாங்கி மூலையில் வைத்தால் கிடைக்காது, பயன்படுத்திக் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு 2015 முதல் மெடிகேர் கட்டணத்தில் வெட்டு.

பணம் பாதாளம் வரை பாயுமே! 2015-க்குள் பத்தில் எட்டு மருத்துவமனைகளுக்கு மேல் மாறிவிட்டன. ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொன்றில் திறக்க முடியாமல் ஃபேக்ஸ் தொடர்ந்தது. விவரத்தைக் கொடுத்தால் வாடிக்கையாளரும் போய்விடுவாரே என்பதும் ஒரு கணக்கு. பகிராமல் தடுப்பதற்கு எதிராக 2016 டிசம்பரில் இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று.