பாதாளம் என்றால் நரகம் அல்ல

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரு இடத்துக்குத்தான் வருகிறது: "போன பிறகு என்ன?" எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஆளுக்கொரு பதில் உண்டு. அவரவர் வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில். சொர்க்கம் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லாமலே, கடவுளையும் விடாமல், பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மக்கள் உண்டு. பழைய இஸ்ரவேலர்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

இறந்தவர்கள் போய்ச் சேரும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷியோல்'. தமிழ் வேதாகமத்தில் அதைப் 'பாதாளம்' என்று மொழிபெயர்த்தார்கள். நம் புராணங்களில் வரும் பாதாளம் நாகர்கள் வாழ்கிற, ரத்தினங்கள் ஜொலிக்கிற உலகம். ஷியோலில் அப்படி எதுவும் கிடையாது. இருட்டு, தூசி, மௌனம், அவ்வளவுதான். எண்ணெய்க் கொப்பரையும் இல்லை, ஆனந்தமும் இல்லை. நல்லவன், கெட்டவன், ராஜா, அடிமை எல்லோரும் அங்கேதான் போக வேண்டும். மகன் யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு தானும் அவனிடம் அங்கே இறங்கிப்போவேன் என்று அழுகிறார். பாவம் செய்தவர் பேசும் பேச்சல்ல அது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பேசுவது.

செத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறது பிரசங்கி நூல். சங்கீதங்களில் ஒரு வேடிக்கையான வாதம் வருகிறது: "என்னைச் சாகவிட்டால் உன்னைத் துதிக்க ஒரு ஆள் குறையுமே சாமி" என்கிற பாணி. நோயில் விழுந்த எசேக்கியா ராஜாவும் இதே மாதிரிதான் முறையிட்டார். அவருக்குக் கிடைத்தது மோட்சம் அல்ல, இன்னும் 15 ஆண்டு ஆயுள்!

சவுல் ராஜாவின் கதை இன்னும் உருக்கமானது. குறி சொல்கிறவர்களை நாட்டை விட்டே துரத்தியவர், மறுநாள் யுத்தம் என்ற பயத்தில், மாறுவேடம் போட்டு இரவோடு இரவாக எந்தோரில் ஒரு பெண்ணிடம் போகிறார். இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசியை எழுப்பச் சொல்கிறார். வந்த சாமுவேல், ஏன் என்னைத் தொந்தரவு செய்தாய் என்று கேட்டுவிட்டு, நாளை நீயும் உன் பிள்ளைகளும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். கவனியுங்கள். கடவுளின் தீர்க்கதரிசிக்கும், கடவுள் தள்ளிவிட்ட ராஜாவுக்கும் ஒரே இடம். இடிந்து தரையில் விழுந்த ராஜாவுக்கு அந்தப் பெண்தான் கன்றை அடித்து, ரொட்டி சுட்டுச் சாப்பாடு போட்டு அனுப்புகிறாள்.

அப்படியானால் அவர்களுக்கு ஆறுதல் எது? முன்னோர்களோடு போய்ச் சேர்வது. மனைவி சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார் என்கிறது ஆதியாகமம். பிறகு அவரும், மகனும், பேரனும் அதே குகையில்.

இது வெறும் கதைப் பேச்சல்ல என்று கல்லறைகளே காட்டுகின்றன. யூதேயாவில் பாறையைக் குடைந்து அறை செய்து, சுவரை ஒட்டித் திண்ணைகள் விட்டிருப்பார்கள். உடலைத் திண்ணையில் கிடத்துவார்கள். அடுத்தவருக்கு இடம் வேண்டும்போது பழைய எலும்புகளை எடுத்து, தாத்தா பாட்டியின் எலும்புகள் கிடக்கும் குழியில் சேர்த்துவிடுவார்கள். 'முன்னோரோடு சேர்ந்தார்' என்பது அங்கே நேர்ப்பொருளிலேயே நடந்தது.

1979-இல் எருசலேமில், இன்னோம் பள்ளத்தாக்கின் மேல்புறம் உள்ள கெத்தேஃப் ஹின்னோமில், கேப்ரியல் பார்க்கே என்ற தொல்லியலாளர் இப்படிப்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். அதில் ஒரு குழி கூரை சரிந்து மூடியதால் கொள்ளையர் கையில் படாமல் தப்பியிருந்தது. எலும்புகள், பானைகள், விளக்குகள், நகைகள். அவற்றுக்கு நடுவே பீடிபோல் சுருட்டிய இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள். உடையாமல் பிரிக்க மூன்று ஆண்டு பிடித்தது. உள்ளே பொறித்திருந்தது ஆசாரியர்கள் மக்களுக்குச் சொல்லும் ஆசீர்வாதம். இன்று கையில் இருக்கும் வேதாகம வாசகங்களில் மிகப் பழையது அதுதான். சுமார் 2,600 ஆண்டுகள். உயிரோடு இருந்தபோது யாரோ தாயத்தாக அணிந்தது, எலும்போடு குழிக்கும் போயிருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல். எல்லோருக்கும் முடிவு ஒன்றுதான் என்றால், நியாயம் இங்கேயே கிடைத்தாக வேண்டும். நல்லவனுக்கு நீண்ட ஆயுள், பிள்ளைகள், நிலம் என்று நம்பினார்கள். நல்லவன் நாசமானால்? யோபு கேட்டதே அந்தக் கேள்விதான்.

கி.மு. 167 வாக்கில் அந்தக் கணக்கு முற்றிலும் உடைந்தது. அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க மன்னன் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தான். மீறினால் மரணம். கடவுளுக்கு உண்மையாக இருந்தவர்கள் அந்த உண்மைக்காகவே கொல்லப்பட்டார்கள். ஒரு தாய் தன் ஏழு பிள்ளைகளும் கண் முன்னே சாவதைப் பார்த்த கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் தானியேல் நூலின் கடைசி அதிகாரம்தான், மண்ணில் உறங்குகிறவர்கள் விழிப்பார்கள், சிலர் வாழ்வுக்கு, சிலர் இகழ்ச்சிக்கு என்று முதன்முதலாகத் தெளிவாகச் சொல்கிறது. சதுசேயர் இதை ஏற்கவில்லை, பரிசேயர் ஏற்றார்கள். இயேசு காலத்திலும் அந்தச் சண்டை ஓயவில்லை. அதற்குள் நரகத்துக்கும் ஒரு பெயர் வந்திருந்தது: 'கெஹென்னா'. அந்த வெள்ளித் தகடுகள் கிடந்த கல்லறைகளுக்குக் கீழே இருக்கும் அதே இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்தான் அது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் மனசில் நின்றது. விதவைக்கும் அநாதைக்கும் அறுவடையில் கொஞ்சம் விட்டுவை என்று அவர்கள் சட்டம் சொன்னபோது, செத்த பிறகு கூலி உண்டு என்று ஆசை காட்டவில்லை. சொர்க்கக் கணக்கு இல்லாமலே தர்மம் செய்யச் சொன்னது. இரண்டாவது, உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை அவர்களிடம் வேர் பிடித்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்ற ஆசையால் அல்ல. அந்த ஏழு பிள்ளைகளின் கணக்கைக் கடவுள் அப்படியே மூடிவிட மாட்டார் என்று ஜனங்கள் பிடிவாதமாக நின்றதால்.